முன்னால் சொன்னவன் எதுவரை சொன்னான்

கண்டுபிடிப்போடு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதன் பெருமையைத்தான் சொல்வார்கள். எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு கழிவு குறைந்தது, வாடிக்கையாளர் எப்படி அசந்துபோனார் என்று. நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் காப்புரிமை வேலையில் எனக்கு வேண்டியது அந்தப் பொருள் பிறப்பதற்கு முந்தைய நாள். அன்றைக்கு அந்தத் தொழிலில் இருந்தவனுக்கு என்ன தெரிந்திருந்தது? எது அச்சில் வந்திருந்தது? எது பட்டறையில் புழங்கிக்கொண்டிருந்தது? அதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அவனே இங்கே வந்து சேர்ந்திருப்பானா? இதற்குப் பதில் தேடுவதுதான் என் பிழைப்பு. நன்றாக விற்கிற பல பொருள்களுக்குக் காப்புரிமை கிடைக்காது. காப்புரிமை வாங்கிய பலவற்றை ஒருவரும் விலைக்கு வாங்க மாட்டார்கள்.

நான் இருப்பது திருமுல்கேரியில். செகந்திராபாத் கன்டோன்மென்ட். ராணுவத்தின் மின்னணு, எந்திரப் பொறியியல் கல்லூரி இந்தப் பக்கம்தான். மெட்ராஸ் ராணுவத்தோடு வந்து தங்கிவிட்ட பழைய தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. காப்புரிமை முகவருக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. போயின்பல்லி வழியாகப் போனால் பாலாநகரின் லேத் பட்டறைகள், டூல் ரூம்கள். அதற்கு அப்பால் ஜீடிமெட்லாவின் மருந்துத் தொழிற்சாலைகள். கரீம்நகர் சாலையில் வடக்கே போனால் ஷாமீர்பேட்டையைத் தாண்டி ஜீனோம் வேலி. ஒரு நாள் கிளாம்பைப் பற்றிப் பேசினால் மறுநாள் படிகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். தென் மாநிலங்களின் விண்ணப்பங்கள் எல்லாம் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தின் வரம்பில் வருவதால், தாக்கல் செய்வது அங்கேதான்.

முன்பே தெரிந்ததோடு ஒப்பிட்டுச் சட்டம் கேட்பது இரண்டு. முதலாவது, புதுமை. நான் கோருகிற அம்சங்கள் அத்தனையும் ஒரே பழைய ஆவணத்தில் ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது. இதில் தகராறு குறைவு; பொறுமையாக ஒப்பிட்டால் போதும். இரண்டாவதுதான் ஆளைப் படுத்துவது: கண்டுபிடிப்புப் படி. இன்வென்டிவ் ஸ்டெப் என்றுதான் எங்கள் அலுவலகத்தில் சொல்வோம். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு, இருக்கிற அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அது அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றக் கூடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே பழைய ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கலாம். காப்புரிமை அலுவலகத்தின் எக்ஸாமினர் தரும் அறிக்கையில் அவை டி1, டி2, டி3 என்று வரிசையாக வரும். டி1-ல் இது இருக்கிறது, டி2-ல் அது இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றும் என்று எழுதியிருப்பார். யாருக்குத் தோன்றும், ஏன் தோன்றும் என்பதில்தான் முழு வழக்கும் இருக்கிறது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வருகிற எவரும் முதலில் படிப்பது ஒரு பாத்திரப் பட்டறை வழக்கு. மிர்சாபூர் ஊர். இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம் லேத்தில் பாத்திரம் கடைகிற முறைக்கு ஐம்பதுகளின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கியிருந்தது. பழைய முறையில், சுழல்கிற ஹெட் ஸ்டாக்கிலிருந்து பாத்திரம் கழன்று பறக்கும், தொழிலாளிக்கு ஆபத்து. புதிய முறையில் எதிர்ப்பக்கமான டெயில் ஸ்டாக்கிலிருந்து கூர்முனை கொண்ட ஒரு தண்டு பாத்திரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வேலை வேகம், மெருகு நன்று, ஆபத்து இல்லை. அதே ஊரின் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனம் அந்த முறையைப் பயன்படுத்தியது. வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் போயிற்று. தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார், டிவிஷன் பெஞ்ச் அதைத் திருப்பியது, கடைசியில் 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்துதான் சரி என்றது. டெயில் ஸ்டாக்கிலிருந்து கூர்முனையால் அழுத்திப் பிடிப்பது லேத் இருக்கிற இடமெல்லாம் தெரிந்த சங்கதி. அதைப் பாத்திரத்துக்குப் பொருத்தியது பட்டறை மேம்பாடு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

என் அனுபவத்தில் இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் பட்டறைக்காரர்களுக்குக் கோபம் வரும். ஒருத்தன் கை போகாமல் காப்பாற்றியிருக்கிறான், அதற்கு மதிப்பில்லையா என்பார்கள். மதிப்பு உண்டு, உரிமை இல்லை. அதே தீர்ப்பு நமக்கு ஓர் அளவுகோலையும் கொடுத்தது. பழைய ஆவணத்தை, அன்றைய பொது அறிவு உள்ள ஒரு திறமையான கைவினைஞரின் கையில் கொடு. வெறும் கூலியாளைவிட ஒரு படி மேலானவர், பொறியாளர் போன்றவர். பிரச்சினை அவருக்குத் தெரியும், விடை தெரியாது. இந்த ஆவணம் எனக்கு வேண்டியதைத் தருகிறது என்று அவர் சொல்லியிருப்பாரா? அந்த 'விடை தெரியாது' என்ற நிபந்தனைதான் எல்லாவற்றையும்விடக் கடினம். எனக்கு விடை தெரியும். எக்ஸாமினருக்கும் தெரியும். விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத்தானே இருவரும் தேடவே போகிறோம். விடுகதையின் விடையைக் கேட்டுவிட்டு 'இதுதானா' என்று உதட்டைப் பிதுக்குகிற மனநிலை, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வரும்.

இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து ஒன்றுண்டு. கண்டுபிடிப்பாளரின் வரைபடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய ஆவணத்தைத் தனியாக எடுத்து, அதை எழுதியவன் எதைப் பற்றிக் கவலைப்பட்டான் என்று எழுதிப் பார்ப்பேன். அவன் எதைச் சரி செய்ய உட்கார்ந்தான்? எது வரை போனான்? எங்கே நிறுத்தினான், ஏன் நிறுத்தினான்? ஆவணத்தின் படத்தில் தற்செயலாக ஒரு வில்லோ துளையோ இருந்தால், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று அவன் சொல்கிறானா, இல்லை நான்தான் இன்றைய கண்ணால் அதற்கு அர்த்தம் கொடுக்கிறேனா? கற்பனை செய்யாத ஒருவனாக, ஆனால் அத்தனையையும் படித்த ஒருவனாக இருந்து படிக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் பூமியில் கிடையாது. சட்டம் அவனைத்தான் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறது.

பாலாநகரிலிருந்து ஒருவர் ஒரு ஃபிக்ஸர் கொண்டுவந்தார். பம்ப் உறைக்கான மெல்லிய சுவருள்ள வார்ப்பைப் பிடித்துக் கடைவதற்கானது. இறுக்கிப் பிடித்தால் வட்டம் நசுங்கும். கடைந்து முடித்து அவிழ்த்தால் முட்டை வடிவத்தில் வந்து நிற்கும். ஓவாலிட்டி என்பார்கள். இது பழைய தலைவலி. பக்கவாட்டில் வில் வைத்த திண்டுகள் தாமாக நகர்ந்து வார்ப்பின் உருவத்துக்கு ஏற்ப உட்காருவதும் பழசு. தேடியதில், மிதக்கும் திண்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி இறுக்குகிற ஆவணம் கிடைத்தது. ஒரே கைப்பிடியால் பல கிளாம்புகளை ஒன்றாக இறுக்குகிற ஆவணமும் கிடைத்தது. டி1, டி2 தயார். இரண்டையும் சேர்த்தால் இவருடையது வந்துவிடும் போலத்தான் இருந்தது.

அவர் செய்ததில் ஒரு வித்தியாசம் இருந்தது. கைப்பிடியின் முதல் பாதித் திருப்பில் பக்கத் திண்டுகள் இறுகும். மீதிப் பாதியில்தான் மேல் கிளாம்ப் இறங்கும். இது அவருக்கு ஒரு சின்ன விஷயம். விளக்கும்போது அதைச் சொல்லவே இல்லை. படத்தில் நான்தான் பார்த்தேன்.

"இதை ஏன் இப்படி வச்சீங்க?"

"வேற எப்படி சார்? மேல முதல்ல இறுகிட்டா, பக்கத்துத் திண்டு அப்புறம் தள்ளும். அதுலதான் வட்டம் போகுது. ஆபரேட்டர் நாலு திருகு இருந்தா நாலு வரிசையில இறுக்குவான். நான் அவன் கையில விடல."

இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். ஓவாலிட்டிக்குக் காரணம் இறுக்கும் அழுத்தம் என்று எல்லா ஆவணங்களும் சொல்கின்றன. இறுக்குகிற வரிசை என்று இவர் சொல்கிறார். டி1-ஐ எழுதியவன் அந்தக் கேள்விக்கே வரவில்லை. டி2-ஐ எழுதியவன் நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இறுக்கினான். அவன் வழியில் போனால் இவருடைய ஃபிக்ஸருக்கு நேர் எதிரான இடத்துக்குப் போய்ச் சேருவோம். சில சமயம் தீர்வைவிடப் பிரச்சினையைக் கண்டதில்தான் கண்டுபிடிப்பு இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் கைப்பிடியும் திண்டும் மட்டும் மிஞ்சும், மிர்சாபூர் கதிதான். கோரிக்கையின் மையத்துக்கு 'பாதித் திருப்பு' போயிற்று. மற்றதெல்லாம் அதற்கு முன்னுரையாக ஒதுங்கியது. கோரிக்கை குறுகிவிட்டதே என்று அவருக்கு வருத்தம். அகலமாக எழுதித் தூக்கி எறியப்படுவதைவிடக் குறுகலாக நிற்பது மேல் என்பது என் கட்சி.

இப்படிப்பட்ட நேரத்தில் சந்தேகம் தீர, டூல் ரூமில் பழம் தின்று கொட்டை போட்ட யாரிடமாவது பிரச்சினையை மட்டும் சொல்லி, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்பதுண்டு. தீர்வைக் காட்டவே கூடாது. காட்டினால் ரகசியம் போயிற்று. பிரச்சினையே கண்டுபிடிப்பாக இருக்கும்போது அதையும் கேட்க முடியாது. மேற்படி ஃபிக்ஸர் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

தேடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் வார்த்தையை வைத்துத் தேடுகிறார்கள். பட்டறைக்காரர் சொல்கிற வார்த்தை ஆவணத்தில் இருக்காது. வழக்கறிஞர்கள் வேண்டுமென்றே பொதுப்பட எழுதுவார்கள். திருகு என்பது 'இறுக்கும் உறுப்பு' ஆகியிருக்கும். அதனால் சர்வதேச வகைப்பாட்டின் எண்ணைப் பிடித்து உள்ளே போக வேண்டும். வேலைப்பொருளைப் பிடிப்பதற்கு பி23கியூ 3 என்று ஒரு வீடே இருக்கிறது. அதில் பழைய ஜெர்மன், ஜப்பானிய ஆவணங்களின் படங்களை மட்டும் புரட்டிக்கொண்டு போவது என் பழக்கம். படம் மொழி கேட்காது.

ஆனால் முந்தைய நுட்பம், அதாவது அன்றைக்கே வெளியில் தெரிந்திருந்தது, காப்புரிமை ஆவணங்களில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. மான்சான்டோ நிறுவனம் பியூட்டாக்ளோர் என்ற களைக்கொல்லிக்காக கோரமண்டல் இன்டாக் மீது போட்ட வழக்கு 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. அந்தப் பொருள் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் முன்பே பெயரோடு வந்துவிட்டிருந்தது. களைக்கொல்லியைக் கரைத்துக் குழம்பாக்கித் தெளிப்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ரகசியம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. இங்கிலாந்தில் 1985-ல் ஒரு வழக்கில் இன்னும் விசித்திரம். காற்றில் ஓடும் பாய்ப்பலகைக்கான காப்புரிமையைக் கவிழ்த்ததில், 1958-ல் ஹேலிங் தீவுக் கடற்கரையில் பன்னிரண்டு வயதுப் பையன் பீட்டர் சில்வர்ஸ் தானே செய்து ஓட்டிய பலகைக்குப் பெரிய பங்கு. பொதுவெளியில் ஓட்டினான், பார்க்கிறவர்கள் பார்த்தார்கள், போதும்.

மஞ்சள் கதை எல்லோருக்கும் தெரியும். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, நம் சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997-ல் அதைக் கவிழ்த்தது. பெருமையோடு சொல்லப்படும் இந்தக் கதையில் தொழில்காரர்கள் கவனிப்பது வேறு. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் மக்கள் கையில் புழங்கும் அறிவு முந்தைய நுட்பமாகக் கணக்கில் வராது. அச்சில் இருக்க வேண்டும். நம் பாட்டிமார்கள் எத்தனை தலைமுறை அரைத்துப் போட்டிருந்தாலும் அது எடுபட்டிருக்காது. வேலை செய்தவை பழைய நூல்களும், இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையும். பாரம்பரிய அறிவு மின்னூலகத்தை நாம் பிற்பாடு கட்டியது, பாட்டியின் அறிவை எக்ஸாமினர் படிக்கிற வடிவத்தில் வைப்பதற்குத்தான்.

இனி மருந்து. ஹைதராபாத்தில் இந்தத் தொழில் செய்துகொண்டு இமாடினிப் வழக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எதிர்த்தவர்களில் நாட்கோ பார்மா நம் ஊர். விண்ணப்பம் போனது நம் சென்னை அலுவலகத்துக்கு.

ரத்தப் புற்றுநோய்களில் ஒரு வகைக்கான மருந்து இமாடினிப். அந்த வேதிக் குடும்பத்தை ஜூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1996 மே மாதம் கிடைத்தது. அன்றைக்கு இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை. எனவே சிம்மர்மன் காப்புரிமைக்கு இந்தியாவில் உறவினர் கிடையாது. பிறகு நோவார்ட்டிஸ், இமாடினிப்பின் மெசிலேட் என்ற உப்பு, அதன் பீட்டா வகைப் படிகம் என்று கோரி 1998 ஜூலையில் சென்னையில் விண்ணப்பித்தது. 2005-ல் சட்டம் மாறி மருந்துகளுக்குக் கதவு திறந்தபோது அது பரிசீலனைக்கு வந்தது. நாட்கோ, சிப்லா, புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் முதலியோர் எதிர்த்தார்கள். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் நிராகரித்தது. 2009-ல் மேல்முறையீட்டு வாரியம், புதுமையும் கண்டுபிடிப்புப் படியும் இருக்கின்றன, ஆனால் 3(டி) பிரிவில் தோற்கிறது என்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அடித்தளத்திலிருந்தே பார்த்தது.

3(டி) பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின. தெரிந்த பொருளின் புது வடிவத்துக்கு, அதன் பயன்விளைவு கூடினாலொழியக் காப்புரிமை இல்லை. மருந்தென்றால் அது சிகிச்சை விளைவு. நன்றாக வழிந்தோடும் தூள், ஈரம் குடிக்காத படிகம் என்பதெல்லாம் தயாரிப்பாளருக்கு நல்லது, நோயாளியின் உடலில் அதனால் என்ன கூடியது என்று நீதிமன்றம் கேட்டது. உடல் முப்பது சதவீதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று நோவார்ட்டிஸ் காட்டியது. எதோடு ஒப்பிட்டு? உப்பாகாத மூல இமாடினிப்போடு. பீட்டா படிகத்தை ஒப்பிட வேண்டியது மெசிலேட்டோடு. தரவு இருந்தது, ஒப்பீடு தப்பான இடத்தில் இருந்தது. ஜீடிமெட்லாவிலிருந்து எக்ஸ்ரே வரைபடத்தோடு வருகிற ஒவ்வொரு வேதியியலாளரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி அங்கிருந்து வந்தது: எதோடு ஒப்பிட்டீர்கள்? பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டிருப்பார்கள். மிக நெருங்கிய பழைய பொருளோடு ஒப்பிட வேண்டும். அது ஒப்பீட்டில் நம்மைச் சின்னதாகக் காட்டும் என்பதால் யாரும் தாமாக அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

எனக்கு அந்தத் தீர்ப்பில் அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய படி. மெசிலேட் 'தெரிந்த பொருள்' தானா? சிம்மர்மன் ஆவணம் மெசிலேட்டைச் சொல்லிவிட்டதா? நோவார்ட்டிஸ் தரப்பு வாதம் நுணுக்கமானது. அந்தக் காப்புரிமையின் கோரிக்கை மெசிலேட் வரைக்கும் எட்டும். ஆனால் ஆவணம் மெசிலேட்டை வெளிப்படுத்தவில்லை. வேலி அகலமாகப் போட்டோம், உள்ளே எல்லாம் பயிரிட்டோம் என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி இருக்க முடியாது என்றது நீதிமன்றம். அதற்கு எடுத்துக்கொண்ட சாட்சியங்கள்தான் அழகு. அமெரிக்காவில் சிம்மர்மன் காப்புரிமையின் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோது, அது காக்கும் மருந்தாக நோவார்ட்டிஸ் சொன்னது மெசிலேட்டைத்தான். அப்புறம் நம்ம ஊர்ச் சங்கதி. நாட்கோவின் வீனாட் மருந்து இங்கிலாந்தில் விற்பனைக்குப் போனபோது, 2004 பிப்ரவரியில் நோவார்ட்டிஸ் சார்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. வீனாட் என்பது இமாடினிப் மெசிலேட். அது சிம்மர்மன் காப்புரிமையை மீறுகிறது என்றது நோட்டீஸ். லண்டனில் மெசிலேட் சிம்மர்மனுக்குள் இருக்கிறது, சென்னையில் இல்லை. இதை எந்த நீதிபதி ஏற்பார்?

முன்னால் சொன்னவன் எதுவரை சொன்னான் என்ற கேள்விக்கு, அவனுடைய ஆவணம் மட்டும் பதில் சொல்வதில்லை. அவனே பிறகு எங்கெங்கே, யாரிடம், எதற்காக என்ன சொன்னான் என்பதும் பதில் சொல்கிறது.

இதை வைத்துக்கொண்டு, சின்ன மாற்றம் என்றால் எப்போதும் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. ரோஷ் நிறுவனத்துக்கும் சிப்லாவுக்கும் இடையிலான எர்லோடினிப் மருந்து வழக்கில் சிப்லாவின் வாதம் கேட்பதற்கு வலுவாகவே இருந்தது. பழைய ஐரோப்பியக் காப்புரிமை ஒன்றின் 51-ஆம் உதாரணத்தில் இருக்கும் மூலக்கூறில் ஓர் இடத்தில் மெத்தில் தொகுதி. எர்லோடினிப்பில் அங்கே எத்தினைல் தொகுதி. அவ்வளவுதான் வித்தியாசம். டெல்லி உயர் நீதிமன்றம் 2015-ல், அந்த மாற்றம் அன்றைய வேதியியலாளருக்குத் தானாகத் தோன்றியிருக்காது என்று ரோஷ் பக்கம் நின்றது. பத்து ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்தில் அதே ரோஷ், எதிரே நாட்கோ. மருந்து ரிஸ்டிப்லாம், தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கானது. பழைய காப்புரிமையின் ஒரு சேர்மத்தில் கார்பனும் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் புதியதில் ஒரு நைட்ரஜன். 2025 மார்ச்சில் தனி நீதிபதி நாட்கோவுக்குத் தடை போட மறுத்தார். அக்டோபரில் டிவிஷன் பெஞ்சும் அதை உறுதி செய்தது. இடைக்காலத் தடைக் கட்டம்தான் என்றாலும் போக்கு தெரிகிறது. காகிதத்தில் இரண்டும் ஒரே அளவு மாற்றம். அளவு ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. எந்த அணுவை எதற்காக மாற்றலாம் என்று அன்றைய வேதியியலாளருக்கு யாராவது வழி காட்டியிருந்தார்களா என்பதே கணக்கு.

இடையில் இன்னொன்று நடந்தது. சர்க்கரை நோய்க்கான டபாகிளிஃப்ளோசின் பற்றிய ஆஸ்ட்ராசெனெகா வழக்கில், 2021-ல் டெல்லி டிவிஷன் பெஞ்ச் ஒரு புது ஆளை அறிமுகப்படுத்தியது. முதல் காப்புரிமையும் இரண்டாவதும் ஒரே கண்டுபிடிப்பாளர் கையிலிருந்து வந்தவை என்றால், துறையில் தேர்ந்த சாதாரண ஆள் போதாது. உள்விவரம் தெரிந்த ஆளின் கண்ணால் பார்க்க வேண்டும். அகலமான முதல் காப்புரிமை, குறிப்பான இரண்டாவது காப்புரிமை இரண்டின் மீதும் ஒரே மருந்துக்காக ஒரே எதிராளி மேல் வழக்குப் போட்டால், உங்கள் வாயாலேயே ஒன்றுக்குள் ஒன்று என்று சொல்லிவிட்டீர்கள். அதே 2021-ன் இறுதியில் எல்ட்ரோம்போபேக் மருந்து வழக்கில், நோவார்ட்டிஸுக்கும் நாட்கோவுக்கும் இடையே, அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி, எட்டுவதும் வெளிப்படுத்துவதும் வேறு வேறு என்ற பார்வைக்கு இடம் கொடுத்தார். ஆகவே எங்கள் மேசையில் இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. உள்விவரம் தெரிந்த ஆள் என்பது எனக்கு முழுச் சம்மதமில்லை. சட்டத்தின் வாசகத்தில் அவர் இல்லை. கண்டுபிடித்தவனுக்கு அவன் மண்டையில் இருந்ததெல்லாம் தெரிந்ததுதான் என்று அளக்கத் தொடங்கினால், தொடர்ந்து ஆராய்கிறவன் எவனும் தப்ப மாட்டான். ஆனாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிற நான், என் சம்மதத்தை வைத்து எழுத முடியாது.

எக்ஸாமினர்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. 'வெளிப்படையானது' என்று ஒரு வரியில் எழுதி நிராகரிப்பது நெடுநாள் வழக்கம். 2022-ல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பழைய ஆவணம் என்ன சொல்கிறது, விண்ணப்பம் என்ன சொல்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தேர்ந்தவர் எப்படிப் போவார் என்று மூன்றையும் எழுத வேண்டும் என்றது. அந்த மூன்றாவது வரியைத்தான் நான் ஹியரிங்கில் கேட்பேன். வீடியோவில் நடக்கிற ஹியரிங்கில் முடிவெடுக்கிற கன்ட்ரோலர் சில நொடி யோசித்துவிட்டு, டி2-ல் அதற்கான தூண்டுதல் எங்கே இருக்கிறது என்று அவரே ஆவணத்தைப் புரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புரட்டல் நேர்மையானது. கிடைத்தால் அவர் சொல்வார், நான் கோரிக்கையைச் சுருக்குவேன்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சட்டத்தில் தன் கட்டுரையே தனக்கு டி1 ஆகும். கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும், மத்திய அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்த பொருளுக்கும் பன்னிரண்டு மாதச் சலுகை உண்டு. அமெரிக்காவில் இருப்பது போன்ற பொதுவான சலுகை இங்கே கிடையாது. கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டிவிட்டு, இதழில் கட்டுரையும் வந்த பிறகு விண்ணப்பிக்க வருகிறவர்களிடம், "ஏன் சார் முன்னாடியே வரல?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர்களுடைய பதவி உயர்வுக்குக் கட்டுரைதான் கணக்கு.

ஆகவே இப்போது யார் வந்தாலும், பெருமையைச் சொல்லி முடித்த கையோடு ஒரு பட்டியல் கேட்கிறேன். இதைப் பற்றி இதுவரை எங்கே எழுதினீர்கள், எந்த விற்பனைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டீர்கள், எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு என்ன சொன்னீர்கள், யாருக்கு நோட்டீஸ் அனுப்பினீர்கள், பழைய விண்ணப்பம் ஏதும் எந்த நாட்டிலாவது இருக்கிறதா. மருந்துக் கம்பெனிகளில் இந்தப் பட்டியல் ஓரிடத்தில் இருக்காது. ரெகுலேட்டரியில் பாதி, மார்க்கெட்டிங்கில் கால், மீதி ஓய்வு பெற்றுப் போன ஒருவரின் மின்னஞ்சலில். பாலாநகரில் அந்தக் கஷ்டமில்லை, வாட்ஸ்அப்பில் யாருக்குப் படம் அனுப்பினார் என்று செல்போனைத் திறந்து காட்டிவிடுவார். பட்டியல் வந்த பிறகே வகைப்பாட்டு எண்ணைத் தேடத் தொடங்குவேன். அதுவரை ஃபைலின் மேல் பென்சிலால் பெயர் மட்டும்தான் இருக்கும்.